நடிப்பைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

மேடை நடிப்பையும் திரை நடிப்பையும் கல்லூரியில் பட்டப்படிப்பாகப் படிப்பது பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் சில ஆண்டுகளும், நடிப்பு ஆசிரியராக வகுப்பறையில் அதைவிடக் கூடுதலான ஆண்டுகளும் கழித்திருக்கிறேன். அங்கே கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: நடிப்பு பிறவியிலேயே வர வேண்டும், படித்து யாரும் நடிகராவதில்லை என்று வீட்டிலும் வெளியிலும் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகள் உட்கார வைத்து அப்படி என்னதான் கற்றுக்கொடுப்பார்கள்? – பள்ளிப் படிப்பை முடித்த மாணவி

பிறவியில் வருவது ஒன்று உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவர் நடந்து போவதைப் பார்த்த மாத்திரத்தில் அந்த நடையைத் தம் கால்களில் கொண்டுவந்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல குரலோடு பிறந்த பாடகரும் சாதகம் செய்யாமல் பாட வருவதில்லை. நடிகர் சாதகம் செய்ய வேண்டிய கருவிகள் அவருடைய உடல், குரல், கவனம் ஆகிய மூன்றும்தான். அந்த மூன்றையும் நாள்தோறும் பழக்குவதற்கான நேரத்தையும் இடத்தையும், தவறு செய்தால் அங்கேயே சுட்டிக்காட்டும் கண்களையும் கல்லூரி தருகிறது. மூன்று ஆண்டுகள் உட்கார வைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நடிப்புப் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. பொதுவாகக் காலையில் உடற்பயிற்சியும் அசைவுப் பயிற்சியும், அடுத்து குரல் பயிற்சியும் உச்சரிப்பும், பிற்பகலில் காட்சிப் பயிற்சி, மாலையில் நாடக ஒத்திகை என்று நாள் நகரும். இவற்றுக்கிடையில்தான் நாடக வரலாறு போன்ற எழுத்துப் பாடங்கள் வரும்.

முதலாம் ஆண்டில் நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் ஒட்டப்பட்ட ஓர் உறை. மாணவர் உள்ளே வந்து, உறையைப் பிரித்து, கடிதத்தைப் படித்துவிட்டு வெளியேற வேண்டும், பேச்சு கிடையாது. ஒரு மாணவர் உள்ளே வரும்போதே சோகமாக வந்தார். உறையைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரித்ததும் முகத்தை மூடிக்கொண்டு சரிந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மனத்தில் எதுவும் நிகழவில்லை. அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்: இப்போது எங்கிருந்து வருகிறீர்கள், இந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளாகக் காத்திருக்கிறீர்கள், இன்னும் பத்து நிமிடத்தில் நீங்கள் எங்கே இருந்தாக வேண்டும்? யோசித்து வைத்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னேன். இரண்டாம் முறை வேகமாக உள்ளே வந்தவர், உறையின்மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் நின்றார். பிரிப்பதற்காக ஓரத்தில் விரலை நுழைத்தவர், உள்ளிருக்கும் தாள் கிழிந்துவிடக்கூடாது என்பதற்காக உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தாள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபக்கத்து ஓரத்தை மெல்லக் கிழித்தார். அந்த ஒரு செயலில், அந்தக் கடிதம் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது கடைசி வரிசையில் இருந்தவருக்கும் தெரிந்துபோயிற்று. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை.

முதல் முறை அவர் சோகத்தைக் காட்ட முயன்றார். இரண்டாம் முறை செய்ய வேண்டிய காரியத்தைச் செய்தார். இந்த வேறுபாட்டை ஒரு பயிற்சி முறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர், 1898-ல் நெமிரோவிச்-தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. பாத்திரம் இருக்கும் சூழல் என்ன, அதற்கு என்ன வேண்டும், அதை அடைய அது என்ன செய்கிறது, தடையாக இருப்பது எது என்று அவர் கேட்கச் சொன்ன கேள்விகள்தாம் இன்றைக்கும் உலகின் பெரும்பாலான நடிப்பு வகுப்புகளில் ஏதோ ஒரு வடிவில் கேட்கப்படுகின்றன. இந்தக் கேள்விகளை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் விளக்கொளியில் பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதற்றத்துக்கு நடுவில், உடம்பு தானாகவே அந்த வழியில் செல்லும்படி பழக்குவதற்கு ஆண்டுகள் ஆகும். உங்கள் வீட்டாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கேள்வி: என் மகள் நடிப்பில் பட்டம் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் விருப்பத்தைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் பட்டம் பெற்றபின் அவள் எப்படிப் பிழைப்பாள் என்ற பயம் தூங்கவிடுவதில்லை. உண்மையைச் சொல்லுங்கள். – ஒரு தந்தை

ஐயா, உண்மையையே சொல்கிறேன். நடிப்புப் பட்டம் யாருக்கும் வேலையை உறுதி செய்வதில்லை. எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், எந்த ஒரு காலத்திலும் நடிகர்களில் பெரும்பகுதியினர் வேலை இல்லாமலோ, வேறு வேலை பார்த்துக்கொண்டோதான் இருக்கிறார்கள். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்ததற்கு மறுபடியும் தேர்வுக்குப் போய் நிற்க வேண்டும். அனுபவம் வாய்ந்தவர்களுக்கும் இதுதான் நிலை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்வது உங்கள் மகளுக்கும் நல்லதன்று.

அதே நேரத்தில், நடிப்புப் படித்தவர்கள் முன்வரிசை நடிகர்களாக மட்டுமே வாழ்கிறார்கள் என்பதும் தவறான எண்ணம். டப்பிங், ஒலிநூல் வாசிப்பு, வானொலி நாடகம், பள்ளிகளில் நாடகம் கற்பித்தல், இயக்குநருக்கு உதவியாளராக இருத்தல், படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தல், மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடித்தல் என்று பல வழிகளில் என்னிடம் படித்தவர்கள் பிழைக்கிறார்கள். இவற்றுள் எதையும் தோற்றவர்களின் புகலிடம் என்று அவர்கள் கருதுவதில்லை, நானும் கருதவில்லை. ஒலிநூல் வாசிப்பவர் ஒற்றைக் குரலில் ஒரு குடும்பத்தையே நம் கண்முன் நிறுத்துகிறார் என்றால், அது முழுமையான நடிப்பு அல்லாமல் வேறென்ன?

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, பெரிய கடன் சுமந்து இந்தப் படிப்பில் சேர்க்க வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் வருமானம் சீராக இராது என்பதால், கடன் இருந்தால் அவள் நல்ல வேடத்துக்காகக் காத்திருக்க முடியாமல் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும்படி ஆகிவிடும். கட்டணம் குறைவான நிறுவனங்களையும் உதவித்தொகைகளையும் முதலில் பாருங்கள். இரண்டாவது, முடிவெடுப்பதற்கு முன் அவள் நடிக்கும் நாடகத்தின் ஒத்திகை ஒன்றுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கைதட்டல் கிடைக்கும் இரவைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே காட்சியைப் பதினைந்தாம் முறை செய்யச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அந்தச் சலிப்பான வேலையை அவள் விரும்பிச் செய்கிறாள் என்றால் இந்தப் படிப்பு அவளுக்கு உரியது. மேடையில் இருக்கும்போது மட்டும்தான் மகிழ்ச்சி என்றால் அதைப் பற்றி அவளிடமே மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: நான் சில ஆண்டுகளாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். அண்மையில் ஒரு குறும்படத்தில் நடித்தபோது, 'மிகையாகச் செய்கிறீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள்' என்று இயக்குநர் சொல்லிக்கொண்டே இருந்தார். குறைத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றுகிறது. மேடைக்கும் திரைக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? பட்டப்படிப்பில் எதை முதன்மையாக எடுத்துக்கொள்ளலாம்? – மேடை நடிகர் ஒருவர்

'குறைத்துக்கொள்ளுங்கள்' என்ற சொல் நடிகர்களுக்குப் பெரிய தீங்கு செய்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் கேட்டவர் முதலில் குரலைக் குறைக்கிறார், அடுத்து முகத்தைக் குறைக்கிறார், கடைசியில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த எண்ணத்தையும் நிறுத்திவிடுகிறார். குளோஸ்-அப்பில் அந்த வெறுமை உடனே தெரிந்துவிடும். மாற வேண்டியது நீங்கள் யாரை எட்ட வேண்டும் என்ற தூரம்தான். மேடையில் உங்கள் எண்ணம் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும்; கேமரா முன் அது எதிரில் நிற்கும் மனிதர் வரை சென்றால் போதும், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ் தானே வந்து எடுத்துக்கொள்ளும். ஒரே வாக்கியத்தைக் கூடத்தின் மறுகோடியில் இருப்பவரிடமும், பக்கத்துத் தலையணையில் படுத்திருப்பவரிடமும் ஒருவர் ஒரேமாதிரி சொல்வதில்லை; ஆனால் இரண்டு முறையும் ஒரே அளவு உண்மையாகத்தான் சொல்கிறார். அடுத்த முறை இயக்குநர் குறைக்கச் சொன்னால், எதிரில் இருப்பவரை மட்டும் மனத்தில் வைத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசிப் பாருங்கள்.

சட்டகத்தின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் வேண்டும். வைட் ஷாட்டில் உங்கள் முழு உடலும் பேசுகிறது. குளோஸ்-அப்பில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்பதே பார்வையாளருக்குத் தெரியாது, ஆனால் கண்ணிமை ஒருமுறை தேவையின்றித் துடித்தாலும் அது ஒரு செய்தியாகிவிடும். 'ஷாட் எவ்வளவு?' என்று ஒளிப்பதிவாளரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

மேடையில் நாடகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடுகிறது. நடிகரும் அந்த ஓட்டத்தோடு போகிறார். படப்பிடிப்பிலோ இறுதிக் காட்சியை முதல் நாளே எடுக்க நேரலாம், காதல் முறிந்த காட்சியைக் காலையிலும் காதலர்கள் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை மாலையிலும் எடுக்க நேரலாம். ஆகவே திரை நடிகர் முழுக் கதையின் வரைபடத்தையும் தமக்குள் வைத்திருந்து, எந்த நொடியில் கேட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரே காட்சியை எத்தனை முறை எடுத்தாலும் அசைவுகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்ற கன்டினியூட்டி ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. ஒரு மாணவி வகுப்பில் ஒரு சண்டைக் காட்சியை மிக அருமையாகச் செய்தார். பேச்சின் நடுவில் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தார். வைட் ஷாட்டில் 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லுக்கு முன் குடித்தார். குளோஸ்-அப்பில் அந்தச் சொல்லுக்குப் பின் குடித்தார். எடிட்டிங் மேசையில் இரண்டும் ஒட்டவில்லை. அவருடைய மிகச் சிறந்த டேக் அந்தக் குவளையால் வீணாயிற்று. மறுநாள் முதல் அவர் எந்தச் சொல்லில் எந்தக் கை எங்கே போகிறது என்பதை வசனத்தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமலே அதில் போய் நிற்பது, எதிரில் நடிகர் இல்லாமல் ஒரு குச்சியின் முனையைப் பார்த்துப் பேசுவது போன்றவையும் இத்தகைய கைப்பழக்கங்களே.

திரையில் பொருளை நடிகர் மட்டும் உண்டாக்குவதில்லை என்பதையும் மேடையிலிருந்து வருகிறவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 1920-ஆம் ஆண்டையொட்டி ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் செய்த பரிசோதனையைப் பற்றி மற்றோர் இயக்குநரான புதோவ்கின் எழுதியிருக்கிறார்: மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப் தட்டோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒருமுறை விளையாடும் சிறுமியோடும் ஒட்டிக் காட்டினார்கள், பார்த்தவர்கள் அந்த முகத்தில் முறையே சிந்தனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிகரைப் புகழ்ந்தார்கள். முகம் மூன்றிலும் ஒன்றே. அப்படியானால் நடிகர் தேவையில்லையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பார்வையாளர் தாமாகவே பொருள் கொள்ளத் தயாராக இருக்கிறார், அவருக்கு நாம் எல்லாவற்றையும் விளக்கிக் காட்ட வேண்டியதில்லை என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

எதை முதன்மையாகக் கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மேடை அனுபவம் இருப்பதால், கேமரா வகுப்புகள் போதிய அளவில் உள்ள, மாணவர்கள் தாங்கள் நடித்த காட்சியைத் தாங்களே எடிட் செய்து பார்க்கும்படி வைக்கிற ஒரு பாடத்திட்டத்தைத் தேடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவராக இருந்திருந்தால் மேடையையே முதலில் படிக்கச் சொல்லியிருப்பேன். பல வாரங்கள் ஒத்திகை பார்த்து ஒரு பாத்திரத்தை மெல்ல மெல்லக் கட்டுவதற்கு மேடையில்தான் நேரம் கிடைக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் பெரும்பாலும் ஒத்திகையே இருக்காது.

கேள்வி: ஒரு நாடகத்தில் அழ வேண்டியிருந்ததால், இறந்துபோன என் தங்கையை நினைத்து அழுதேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் இரவெல்லாம் உறக்கம் இல்லை. பத்தாவது காட்சியில் கண்ணீரும் வரவில்லை. இதுதான் 'மெத்தட்' நடிப்பா? – கல்லூரி மாணவர்

தம்பி, முதலில் உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன். அந்த நினைவை இனி மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அது உங்களுடையது, நாடகத்துக்குச் சொந்தமானதன்று. உறக்கமின்மை நீடித்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயக்கம் காட்டாதீர்கள்.

சொந்த வாழ்வின் உணர்ச்சியை நினைவிலிருந்து வரவழைத்துப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தும் பயிற்சி ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் தொடக்க கால ஆய்வுகளில் இருந்தது உண்மை. 1931-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் அதன் இயக்குநர்களுள் ஒருவரான லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதற்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுத்தார். பின்னாளில் 'மெத்தட்' என்று அறியப்பட்ட முறையின் வேர் அங்கே இருக்கிறது. அதே குழுவின் நடிகை ஸ்டெல்லா அட்லர் அந்த முறையால் தமக்கு நடிப்பின் மகிழ்ச்சியே போய்விட்டது என்று உணர்ந்தார். 1934-ல் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துச் சில வாரங்கள் அவரோடு பயின்றார். திரும்பி வந்து, பாத்திரத்தின் சூழலும் நடிகரின் கற்பனையும் செயலுமே முதன்மை என்று குழுவினரிடம் எடுத்துரைத்தார். தம் இறுதிக் காலத்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி உடற்செயல்களின் வழியாகவே உணர்ச்சியை அணுகும் முறையில் ஈடுபட்டிருந்தார். ஆகவே, சொந்தப் புண்ணைக் கிளறித்தான் நல்ல நடிப்பு வரும் என்பது நடிப்பு உலகம் ஒருமித்து ஏற்றுக்கொண்ட விதி அல்ல.

நம்முடைய தொல்காப்பியம், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலில், அழுகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை வேறு, இழந்ததால் வரும் அழுகை வேறு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வரும் அழுகை வேறு, இல்லாமையால் வரும் அழுகை வேறு. இதை இலக்கணப் பாடமாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து போகிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. நடிகருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது அரிது. உங்கள் பாத்திரம் இந்த நான்கில் எதனால் அழுகிறது என்று பாருங்கள். அவமானத்தால் அழுகிறவர் அழுகையை மறைக்கப் பார்ப்பார். அப்போது நீங்கள் செய்ய வேண்டிய காரியம் அழுவதன்று, அழாமல் இருக்கப் பாடுபடுவது. கண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பாடு பார்ப்பவருக்குப் போய்ச் சேரும். பத்தாவது காட்சியிலும் அது வற்றாது.

காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைக்கும் சிறு வழக்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். உடையை மாற்றி, முகத்தைக் கழுவி, எதிரில் நடித்தவரைப் பாத்திரப் பெயரால் அழைக்காமல் சொந்தப் பெயரால் அழைத்து, வேறு ஏதாவது பேசிவிட்டு அரங்கை விட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஒத்திகை முடியும் நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி

மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மல் தொடர்ந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சிகளெல்லாம் அதற்குப் பிறகுதான். பொதுவாக இந்தக் குறை, மூச்சுத் தாங்காத இடத்தில் தொண்டையை இறுக்கித் தள்ளுவதால் வருகிறது. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அது மெல்ல எழுந்து தாழ்வதைப் பார்த்தபடி, மூச்சு வெளியேறும்போது நீண்ட 'ஸ்' ஒலியை ஒரே சீராக விடுங்கள். இதை நாள்தோறும் செய்துவிட்டுப் பின்னர் வசனத்துக்கு வாருங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதைத் தவிர்த்துவிடுங்கள். பலருக்கு அது குரல்நாண்களை இன்னும் களைப்படையச் செய்யும். 1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் என்ற மேடைப் பேச்சுக் கலைஞருக்கும் உங்களைப் போலவே குரல் அடைத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிகளின் முன் நின்று பேசிப் பார்த்தபோது, பேச வாயெடுத்தவுடன் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவதைத் தாமே கண்டுபிடித்தார். இன்று நடிப்புப் பள்ளிகள் பலவற்றில் கற்பிக்கப்படும் அலெக்சாண்டர் முறை அங்கே தொடங்கியது. நீங்களும் ஒரு கண்ணாடியின் முன் நின்று உங்கள் கழுத்தைக் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: நடிப்புப் பட்டப்படிப்பின் நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? – வாசகர்கள் பலர்

பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிநடிப்புப் பகுதிகளைக் கேட்கும். பழைய நாடகத்திலிருந்து ஒன்று, இக்கால நாடகத்திலிருந்து ஒன்று என்பது பரவலான வழக்கம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிட அளவில் இருக்க வேண்டும். உங்கள் வயதுக்கும் இயல்புக்கும் அருகில் இருக்கும் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசும் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களை முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும் என்பதால் முழு நாடகத்தையும் படித்துவிட்டு வாருங்கள். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் திரையில் செய்து மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட காட்சியைத் தவிர்ப்பது நல்லது; அவருடைய ஏற்ற இறக்கங்கள் உங்களையறியாமல் உங்கள் வாயில் வந்துவிடும்.

நடித்து முடித்ததும், 'இதையே ஒரு குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே சொல்லுங்கள்' என்பதுபோல் ஏதாவது மாற்றிச் செய்யச் சொல்வார்கள். முதல் முறை பிடிக்கவில்லை போலும் என்று பலர் அங்கேயே மனம் உடைந்துவிடுகிறார்கள். நான் தேர்வுக் குழுவில் அமர்ந்திருந்த நாட்களில், எங்களுக்கு ஆர்வம் உண்டாக்கியவர்களிடம்தான் அப்படிக் கேட்டோம். முதலில் செய்ததை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் மனம் இருக்கிறதா, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போதே ஒரே பகுதியை நின்றும் நடந்தும், துணி மடித்துக்கொண்டும், எதிரியிடமும் அன்புக்குரியவரிடமும் சொல்வதாக மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இறுகிப்போன பகுதியை எந்த ஆசிரியராலும் அசைக்க முடிவதில்லை. முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் மறு ஆண்டும் போங்கள். இரண்டாம், மூன்றாம் முறை சேர்ந்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: நெருக்கமான காட்சிப் பயிற்சியில் சக மாணவர் தொடுவது எனக்கு ஒவ்வவில்லை. சொன்னால், 'நடிகைக்குக் கூச்சம் கூடாது' என்கிறார்கள். – மாணவி ஒருவர்

அப்படிச் சொல்கிறவர்கள் தவறு செய்கிறார்கள் அம்மா. சண்டைக் காட்சியில் வாளை எங்கே வீசுவது, எத்தனையாவது அடியில் விலகுவது என்பதை அடி அடியாகத் திட்டமிட்டுத்தான் பழகுகிறோம். துணிச்சல் இருந்தால் போதும் என்று யாரையும் வாளோடு விட்டுவிடுவதில்லை. நெருக்கமான காட்சிக்கும் அதே ஒழுங்கு உண்டு. எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது, எவ்வளவு நேரம் என்பதை இருவரும் ஒத்திகைக்கு முன்பே வாய்விட்டுப் பேசி, ஆசிரியர் முன்னிலையில் உறுதி செய்துகொண்டு, அதன்படியே ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஒப்புக்கொண்டதை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் இப்போது இருக்கிறார்கள், 2018-ல் எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகள் எல்லாவற்றுக்கும் அத்தகையவரை அமர்த்துவதாக அறிவித்தது. உங்கள் துறைத் தலைவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் செவிசாய்க்காவிட்டால் கல்லூரியின் புகார்க் குழுவிடம் செல்லுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 31. வேலையை விட்டுவிட்டு நடிப்புப் படிக்கலாமா? எத்தனையோ நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. நல்லதை எப்படி அறிவது? – அலுவலகப் பணியில் இருப்பவர்

வயது ஒரு தடையே அல்ல; சில நிறுவனங்கள் மட்டும் வயது வரம்பு வைத்திருப்பதால் விண்ணப்பிக்கும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதமாவது மாலை நேரப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

லண்டனில் 1904-ல் தொடங்கிய ராயல் நாடகக் கலை அகாதமி (ராடா), தில்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி போன்ற நெடுங்காலப் பெயர் உள்ள நிறுவனங்களைப் பற்றி எளிதில் விசாரித்துவிடலாம். மற்றவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். விளம்பரத்தில் சிரிக்கும் நட்சத்திரம் அங்கே ஒரு நாள் விருந்தினராக வந்து போனவரா, வாரந்தோறும் வகுப்பெடுப்பவரா என்று கேளுங்கள். ஒரு காட்சி வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள்; நாற்பது பேர் என்றால் உங்கள் முறை வாரத்தில் சில நிமிடங்கள்தான் வரும். குரலுக்கும் அசைவுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்களா, மாணவர்கள் ஆண்டுக்கு எத்தனை முழு நாடகங்களில் நடிக்கிறார்கள், கேமரா வகுப்பில் எடுத்ததைத் திரையிட்டுப் பேசுகிறார்களா, அந்தப் பட்டம் பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்றதா என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படங்களில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால், நன்றாக நடிக்கும் மாணவரைவிட, நன்றாக வராத மாணவரிடம் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். அந்த மாணவர் அடுத்த முயற்சிக்கு எழுந்து போகும்போது அவர் தோள்கள் இறுகியிருக்கின்றனவா, தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.